எட்டுப் பேர்தானுங்க

ஜூன் 10, திங்கள்

மூன்றாவது சுற்று இன்று தொடங்கியது. அறுபத்திரண்டு கம்பெனி, நாற்பது நாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே கம்பெனிகளின் கதவைத் தட்டி அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், போன தடவையைவிடக் கூடவா குறைச்சலா, புதிதாக யாரை எடுத்தீர்கள், யார் போனார்கள், ஏன் போனார்கள். ஊரில் வேலை எங்கிருந்து பிறக்கிறது, சின்னக் கம்பெனியிலா பெரிய கம்பெனியிலா நேற்று முளைத்ததிலா என்று சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடிப்பார்களாம். அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் என் மூன்றாவது ஜோடிச் செருப்பும் தேய்ந்துவிடும்.

கோவைக் கணபதிப் பக்கம் மூன்று இடம் போனேன். முதல் ஆள் என்னை ஜி.எஸ்.டி. ஆபீஸ் என்று நினைத்துப் பாத்ரூமுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. இரண்டாவது ஆள் கடன் கொடுக்க வந்தவள் என்று நினைத்து டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது இடத்தில் பூட்டு.

காலையில் என் வீட்டுக்காரருக்குச் சட்டைப் பட்டன் போட்டு, சோற்றைப் பிசைந்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை நான் பார்த்தால் இவருக்கு வெட்கம். நான் தெருமுனை தாண்டிய பிறகுதான் சாப்பிடுகிறார் என்று எதிர்வீட்டம்மா சொன்னாள்.

பஸ்ஸில் பட்டியலை முழுக்கப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் எண்ணை மட்டும் கண்ணை ஓட்டித் தாண்டிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

அரை நாள் லீவு. வக்கீல் மருதாசலத்தைப் பார்க்க இவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிப்ரவரியில் மாகாளி ஸ்டாம்பிங்ஸில் பிரஸ் மிஷினில் மாட்டி இவருடைய வலது கையில் மூன்று விரல் போனது. மோட்டாருக்குத் தகடு வெட்டுகிற மிஷின். முதலாளி தேவராஜ் தன் காரிலேயே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே போய், 'வீட்ல கிரைண்டர்ல கையை விட்டுட்டாருங்க' என்று எழுத வைத்தார். மயக்கத்தில் இவரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் தேவராஜ் கட்டினார், ஆப்பிள் வாங்கி வந்து பார்த்தார். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் போனதும், 'வெள்ளியங்கிரி என்று ஒருவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை' என்று பதில் வந்தது.

"கேஸ் நிக்கோணும்னா நீங்க அங்க வேலை பார்த்தீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு வேணும் தம்பி," என்றார் வக்கீல். "சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, போனஸ் கவரு, ஏதாச்சும்."

"சம்பளம் கையில குடுப்பாருங்க. கவருல பேரு கூட இருக்காது."

"கூட வேலை பார்த்தவங்க சாட்சி சொல்லுவாங்களா?"

"எப்பிடிங்க வருவாங்க? அவங்க வீட்லயும் அடுப்பு எரியோணுமல்லங்க."

"வேற யாராச்சும் உங்களை அங்க பார்த்து, எங்காவது எழுதி வெச்சிருக்காங்களா? நல்லா யோசிங்க. ஜூலை கடைசிக்குள்ள தாக்கல் பண்ணோணும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

எழுதி வைத்தவள் நான்தான். போன சுற்றில் மாகாளிக்கு நான் போனேன். ஒவ்வொரு கம்பெனியிலும் தொழிலாளிகளில் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் தனியாகக் கேள்வி கேட்போம். இவர் சீட்டு விழுந்தது. என்ன வேலை, என்ன சம்பளம், எந்த மாதம் சேர்ந்தார், எல்லாம் சென்னையில் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் சட்டம்தான்.

ஜூன் 15, சனி

நான்கு கம்பெனி. முழங்கால் வலி. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 19, புதன்

இந்த ஊரில் கம்பெனி எப்படி வளர்கிறது என்று சென்னைக்காரர்கள் என்னைக் கேட்டால் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவேன். பத்து ஆள் ஆனால் இ.எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், பதிவேடு என்று வரிசையாக வரும். அதனால் யாரைக் கேட்டாலும் எட்டு. இன்று ஆவாரம்பாளையத்தில் ஒரு ஷெட்டில் எட்டுப் பேர், அடுத்த ஷெட்டில் மச்சினன் பெயரில் எட்டுப் பேர், அதற்கடுத்தது சம்சாரம் பெயரில் ஏழு பேர். நடுவில் சுவர் கூட இல்லை, ஒரு தார்ப்பாய் தொங்குகிறது. எங்கள் கணக்கில் ஒரு கம்பெனி வளரவே இல்லை, இரண்டு கம்பெனி புதிதாகப் பிறந்திருக்கிறது.

"ஏனுங்க, மூணும் ஒண்ணுதானுங்களே?" என்றேன்.

"ஒண்ணுதானுங்க. ஆனா மூணுன்னு எழுதிக்குங்க," என்றார் அந்த மனுஷன்.

எழுதிக்கொண்டேன். பார்ப்பதை எழுதக் கூடாது, சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. பார்ப்பதையும் எழுதலாம் என்றால் இந்தப் பட்டியல் பாதி நாளில் முடிந்துவிடும்.

ஜூன் 24, திங்கள்

சென்னையிலிருந்து ரெஜினா மேடம் போன். கோவைக் கணக்கெடுப்பு முழுவதும் அவர் பொறுப்பு. ஏழு வருடமாகத் தெரியும்.

"நாற்பத்தொண்ணு ஏன் இன்னும் நிக்குது கோகிலா? அதைத் தாண்டி அம்பது வரைக்கும் முடிச்சிட்டீங்க."

"ஓனர் ஊர்ல இல்லீங்க மேடம்."

"சரி, பாருங்க. மத்தவங்க அனுப்பறதுல தினம் பத்து தப்பு புடிக்கிறேன். உங்களோடதை மட்டும் நான் திறந்துகூடப் பார்க்கறது இல்ல."

போனை வைத்த பிறகு, மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் அதிகம்.

ஜூன் 25, செவ்வாய்

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு, மாகாளிக்குப் போனேன். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மிஷினில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒடிசாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி இப்போதும் இல்லை. உள்ளே நடந்து வருவதற்குள் தலைகளை எண்ணிவிட்டேன். பதினொன்று.

தேவராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இளைத்திருந்தார். "வாங்க அம்முணி. உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க சார். கேள்வியை முடிச்சுக்கலாங்க."

முகத்தைக் கணக்கெடுப்பு டேப்லெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"இப்ப மொத்தம் எத்தனை பேருங்க வேலை பாக்கறாங்க?"

"எட்டுப் பேர்தானுங்க."

"போன தடவை பதினொண்ணுன்னு சொல்லியிருக்கீங்க."

"அப்ப லோனுக்கு அலைஞ்சிட்டிருந்தேன். நீங்க பேங்க் ஆளுன்னு நெனச்சு எச்சா சொல்லிப்போட்டேன்."

"ரெண்டு வருஷத்துல வேலையை விட்டுப் போனவங்க?"

"யாருமில்லீங்க."

"வேலை நேரத்துல விபத்து ஏதாச்சும்?"

பிரஸ் மூன்று தடவை தட்டியது. "சாமி புண்ணியத்துல ஒண்ணும் இல்லீங்க."

இல்லை என்ற கட்டத்தை என் விரலால்தான் தொட்டேன். எனக்குப் பத்தும் இருக்கிறது.

கேள்வி முடிந்ததும், வாங்குகிற பெரிய கம்பெனிக்காரன் ஒரு தகட்டுக்கு எவ்வளவு குறைத்துவிட்டான், ஷெட் வாடகை எவ்வளவு ஏறிவிட்டது என்று அவராகச் சொன்னார். பொய் இல்லை. அந்த மனுஷனுக்கும் தூக்கம் போயிருக்கிறது, கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. அதற்காக எனக்கு மனம் இளகவில்லை. வாசலில் செருப்புப் போடும்போது மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 28, வெள்ளி

இவர் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பழகுகிறார். 'அ' விழுந்து விழுந்து எழுகிறது. சிரித்தேன், இவரும் சிரித்தார். அப்புறம், "கேஸை விட்ரு கோகிலா. உன்ற வேலையாச்சும் இருக்கட்டும்," என்றார்.

சேலத்தில் படிக்கிற மகளுக்கு விடுதிப் பணம் கட்டுவதும் இந்த வீட்டில் அரிசி வேகுவதும் இப்போது என் வேலையில்தான். இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

வக்கீல் போன் செய்தார். அன்றைக்கு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கவனித்திருக்கிறார். விசாரித்தும் இருக்கிறார்.

"நீங்க கம்பெனி கம்பெனியாப் போய்க் கணக்கெடுக்கறவங்களாமல்ல? மாகாளிக்கும் போயிருப்பீங்கல்ல?"

"அதெல்லாம் ரகசியமுங்க சார். வெளிய குடுக்க முடியாது."

"முதலாளி சொன்னதை நான் கேக்கலைங்க. தொழிலாளி அவர் சொன்ன பதிலை அவரே கேட்டு வாங்கிக்கலாமல்ல? உங்க படிவத்துலயே அப்படி இருக்குதாமே."

இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கடைசி வரி. ஒவ்வொரு தொழிலாளியிடமும் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியவள் நான்தான். இத்தனை நாள் சட்டம், ரகசியம் என்று இந்த நோட்டில் எழுதி வந்தேனே, அதற்கு இனி வேலை இல்லை.

நல்ல செய்தி என்று இவரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 3, புதன்

மூன்று கம்பெனி. சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நான்கு வருடத்துக்கு முன், முதல் சுற்றில், மாகாளியில் கேள்வி முடிந்ததும் டேப்பை மூடி வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருந்தா சொல்லுங்க சார்," என்று தேவராஜிடம் கேட்டேன். மில்லை மூடி எட்டு மாதம் இவர் வீட்டில் இருந்தார். கேள்வி கேட்கப் போகிற இடத்தில் வேலை கேட்கக் கூடாது, தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். கேட்டேன். அடுத்த வாரமே சேர்த்துக்கொண்டார். எங்கள் கணக்கில் மாகாளியில் புதிதாக ஒரு வேலை உருவானது என்று ஏறியது. அதை உருவாக்கியது நான்.

இரண்டாவது சுற்று வந்தபோது, சொந்தக்காரர் வேலை செய்கிற கம்பெனி இது, வேறு ஆளுக்கு மாற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படி அங்கே சேர்ந்தார் என்று கிளறுவார்கள். பேசாமல் நானே போனேன். ஐந்து சீட்டில் ஒன்று இவருடையது. என் அட்டையில் கோகிலவாணி வெள்ளியங்கிரி என்று இருக்கிறது. கோவையில் எத்தனையோ வெள்ளியங்கிரி உண்டு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பயந்தவளுக்கு அந்தக் கணக்குத் தோன்றாது. ரவிச்சந்திரன் என்று எழுதினேன்.

போன் நம்பர் மட்டும் இவருடையதுதான். நாங்கள் உண்மையிலேயே கேட்டோமா என்று சென்னையிலிருந்து சிலரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அதே மாதிரி கூப்பிட்டார்கள். இவர் ரவிச்சந்திரனாகவே பேசிவிட்டு, ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு வாசலில் தேவராஜ் சொன்னது இதுதான்: "உங்க பேப்பர்ல ரவிச்சந்திரன்னு ஒருத்தர் இருக்காருங்க அம்முணி. வெள்ளியங்கிரின்னு யாரும் இல்லீங்களே. சீட்டுக் குலுக்கி நீங்க பேரை எழுதறப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்."

இவர் அங்கே இல்லவே இல்லை என்று முதலில் எழுதியது தேவராஜ் இல்லை. நான்.

ஜூலை 8, திங்கள்

காலை பத்து மணிக்கு ரெஜினா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை கேட்டது, பேரை மாற்றியது, கை போனது. பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

"ஏன் கோகிலா?" என்றார் கடைசியில்.

"பயம் மேடம்."

"அதைக் கேக்கல. ஏழு வருஷத்துல ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அதைக் கேக்கறேன்."

டேப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சமையல் செய்தேன், பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். மத்தியானம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேடத்திடம் எல்லாம் சொல்லிவிட்டதையும் வேலை போனதையும் சொன்னேன். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். இடது கையை என் தலையில் வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

ரெஜினா மேடம் ரயிலேறி வீட்டுக்கே வந்தார். நான் காப்பி கொடுத்தேன், குடித்தார். தன் பதிலைத் திருப்பிக் கேட்டு இவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். சரிபார்க்கக் கூப்பிட்டபோது பதிவு செய்த பேச்சு இன்னும் இருந்தது.

"உங்க பேரு சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"ரவிச்சந்திரனுங்க." இவர் குரல். பின்னால் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியும்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"மாகாளி ஸ்டாம்பிங்ஸ்லங்க. பிரஸ் ஓட்றேன். தேவராஜ் சார் கம்பெனி."

"இந்த வேலையில இன்னும் எவ்வளவு நாள் இருக்கலாம்னு நினைக்கறீங்க?"

"அதென்னங்க, கை கால் நல்லா இருக்கிற வரைக்கும் பாக்க வேண்டியதுதானுங்களே."

இவர் பேண்டேஜ் எடுத்த கையை மடியில் வைத்து, மற்ற கையால் மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, மேடம் முன்னாலேயே அழுதேன்.

கிளம்பும்போது மேடம் சொன்னார்: "மூணு சுற்றிலும் நீங்க எடுத்த அறுபத்திரண்டு கம்பெனியையும் கணக்கிலிருந்து எடுக்கணும் கோகிலா. ஒரு பேரு பொய்யின்னா மத்தது நிஜம்னு நான் யாருக்கு உத்தரவாதம் குடுப்பேன்? திரும்ப எடுக்க முடிஞ்சதை வேற ஆள் வந்து எடுப்பாங்க."

மற்றதெல்லாம் நிஜம். ஒவ்வொரு படியும் ஏறி இறங்கி எடுத்தது. அந்தக் கம்பெனிகளில் நான் எண்ணிய அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் கணக்கில் ஒரே நாளில் வேலை போய்விட்டது, அவர்களுக்கே தெரியாமல். அறுநூற்றுச் சொச்சத்தோடு நானும்.

ஜூலை 29, திங்கள்

வக்கீல் ஆபீஸில் பிரமாணப் பத்திரம். 'நான் அந்தப் படிவத்தில் என் கணவர் பெயரைப் பொய்யாக எழுதினேன்' என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். 

"ஒருக்கா பொய் எழுதினவங்களை எப்படி நம்பறதுன்னு அந்தப் பக்கத்து வக்கீல் உங்களைப் பிச்சு எடுப்பாருங்க. தாங்கிக்கோணும்," என்றார் மருதாசலம். "ஆனா குரல் இருக்குது, அந்த நம்பர் இவர் பேர்ல இருக்குது. இது நிக்கும்னு நம்பறேன்."

இவரிடம் மை டப்பாவை நீட்டி, கைரேகை போதும் என்றார். இவர் வேண்டாம் என்று பேனாவைக் கேட்டார். இடது கையால் தன் பெயரை எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ளகரம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 31, புதன்

தேவராஜ் போன் செய்தார். "ஏன் அம்முணி, உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டீங்களே."

"ஆமாங்க சார்," என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் இடத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து பிருந்தா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். மாகாளியைத் திரும்ப எடுக்கிறாளாம். வேலையை விட்டுப் போனவர்களையும் வீட்டில் போய்ப் பார்க்கச் சொல்லி மேடம் அனுப்பியிருக்கிறார். என் பழைய டேப்தான், மூலையில் கீறல் இருந்தது. அவளை ஹாலில் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பக்கத்தில் நின்றால் பதிலை நான் எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

"உங்க பேருங்கண்ணா?"

"வெள்ளியங்கிரி." கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"மாகாளியில எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"மூணே முக்கால்."

"என்ன காரணத்துனால வேலையை விட்டீங்க? நல்ல சம்பளத்துக்கா, குடும்பக் காரணமா, உடம்பு சரியில்லாமயா..."

"விபத்துன்னு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா."

"அதைப் போடுங்க."

தொட்டிருப்பாள். எனக்குக் கத்தரிக்காய் நறுக்கக் கை ஓடவில்லை.

"இப்ப வேலை ஏதாச்சும் பாக்கறீங்களா?"

"இல்லீங்க."

"வீட்ல வேற யாராச்சும் வேலைக்குப் போறாங்களாண்ணா? எத்தனை பேருன்னு சொல்லுங்க."

எட்டிப் பார்த்தேன். அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாய் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பெண் பாவம், என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்கண்ணா, இதை விட்டுடலாம்," என்றாள்.

"விடாதம்மா. காலியா விட்டா சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிப்போடுவாங்க," என்றேன். "பூஜ்யம்னு போட்டுக்க."